ஆமாஞ்சாமித் தரகர்

“வெரசா முடிச்சிட்டேன் தாத்தா”ன்னு பேரன் வந்து நின்னப்ப நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்தவன், வெள்ளிக்கிழமை மத்தியானச் சோத்துக்கு எந்திரிச்சு வந்துட்டான். அந்த இடைவெளியில எட்டயபுரம் ஆட்டுச் சந்தையையே செல்போனுக்குள்ள கட்டிட்டானாம். இனிமே யாரும் விடியக்காலத்துல ஆட்டை வண்டியில ஏத்திக்கிட்டு அலைய வேண்டாமாம். வீட்டுல இருந்தபடியே போட்டோவைப் பாத்து வாங்கிக்கிடலாமாம். தரகரே வேண்டாமாம். கடைசிச் சேதியை மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் கொறச்சுச் சொன்னான். நாப்பது வருசம் ஆட்டுத்தரகு பாத்த மனுசன் முன்னாடி நிக்கிறோம்கிற ஞாபகம் அப்பத்தான் வந்திருக்கு.

“எத்தனை ஆளுடா வேலை பாத்தீங்க?”

“நான் ஒருத்தன்தான். மிச்சத்தை ஏஐ பாத்துக்கிட்டுது.”

“கூலி?”

“மாசம் 20 டாலர்.”

“நடுவுல டீ, வடை கேக்காதா?”

“கேக்காது தாத்தா.”

“சம்பளம் வாங்கின மறுநாள் மட்டம் போடாதா?”

“போடாது.”

“நீ சொன்னதுக்கு ஒரு தடவையாச்சும் மொகத்தைச் சுளிச்சுதா?”

“எதுக்குச் சுளிக்கணும்? என்ன சொன்னாலும் செய்யும்.”

அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள மணி அடிச்சிருச்சு. டீ கேக்காத ஆளைக்கூட நம்பலாம். மொகம் சுளிக்காத ஆளை நம்பக்கூடாது.

நான் ரொம்ப நேர்மையான ஆளுன்னு சொல்லிக்கிட மாட்டேன். தரகன் அப்படிச் சொன்னா நீங்களும் நம்ப மாட்டீங்க. கோவில்பட்டிக்குக் கிழக்க கரிசக்காட்டு ஊரு நம்மளது. சனிக்கிழமைன்னா எட்டயபுரம் சந்தை. விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நின்னு, ரெண்டு பக்கமும் தரகு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வச்சவன். ஆட்டுக்குப் பல்லைப் பாத்து வயசு சொல்றது மாதிரி, பேச்சுக்கும் பல்லைப் பாத்து வயசு சொல்லுவேன். அதனால பேரனைப் பக்கத்துல உக்கார வச்சு, “அந்த ஆளு எப்படிப் பேசுறான்னு காட்டு, கேப்போம்”னேன்.

காட்டினான். இவன் “ஆட்டுச் சந்தைக்கு ஒரு ஆப் வேணும்”னு போட்டிருக்கான். “அருமையான யோசனை!”ன்னு பதில் வந்திருக்கு. “விலையை எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கலாமா?”ன்னு கேட்டிருக்கான். “மிகச் சிறந்த முடிவு!” பெறகு மனசு மாறி, “வேண்டாம், மறைச்சிருவோமா?”ன்னு கேட்டிருக்கான். “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!”

அட, இவன் நம்ம தொழில்காரன்லா! நொண்டி ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன்கிட்ட “அண்ணாச்சி, இது என்ன நடை, தேரு அசையிற மாதிரில்லா இருக்கு”ன்னு சொன்ன வாயி என் வாயி. அதே ஆட்டை வாங்க வந்தவன்கிட்ட “நொண்டிதான், அதனாலதான் உங்களுக்குன்னு பேசி விலையைக் கொறச்சு வச்சிருக்கேன்”னு சொன்னதும் அதே வாயிதான். ஆடு ஒண்ணு, ஆமா ரெண்டு.

சோதிச்சுப் பாப்போமேன்னு, “கோழி முட்டைக்கு முடி வெட்டுற கடைக்கு ஒரு ஆப் வேணும்னு கேளு”ன்னேன். பேரன் தலையில அடிச்சுக்கிட்டே கேட்டான். “புதுமையான எண்ணம்! நாட்டுக்கோழி முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் தனித்தனிக் கட்டணம் வைக்கலாமா?”ன்னு திருப்பிக் கேட்டுது. வீட்டுல சிரிப்பு அடங்க கால்மணி நேரம் ஆச்சு.

இது நம்ம வீட்டுக் கூத்து மட்டும் இல்ல. சாட்ஜிபிடி நடத்துற ஓப்பன்ஏஐ கம்பெனியே 2025 ஏப்ரல்ல ஒரு புதுப் பதிப்பை விட்டுட்டு, “இது அளவுக்கு மீறி ஆளுகளைக் குளிப்பாட்டுது”ன்னு சொல்லி சில நாள்லயே திருப்பி வாங்கிக்கிட்டாங்க. தரகன் ரொம்ப இனிச்சா யாவாரம் கெட்டுப்போகும்னு அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு.

பேரன் எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே கேக்கான். “ஏன், தமிழ்ல கேட்டா காது கேக்காதோ?”ன்னேன். அது நம்ம எழுத்தைத் துண்டு துண்டா நறுக்கித்தான் முழுங்குமாம், துண்டுக்கு டோக்கன்னு பேராம், காசு அந்தக் கணக்குலதானாம். இங்கிலீஷை வாழைக்காய் மாதிரி நறுக்குற கத்தி, தமிழைக் கொத்துமல்லித்தழை மாதிரி பொடிசாக்கிருமாம். 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ புதுக் கத்தி கொண்டு வந்தப்ப, அவுக காட்டின உதாரணத் தமிழ் வாசகம் 116 துண்டுல இருந்து 35 துண்டாக் கொறஞ்சுதாம். அப்ப அதுவரைக்கும் நம்ம பேச்சுக்கு மூணு மடங்கு தரகு பிடிச்சிருக்கான். நான்கூட அம்புட்டு வாங்கினதில்ல.

சனிக்கிழமை விடியக்காலம் ரெண்டு பேரும் சந்தைக்குப் போனோம். அவன் கையில போனு, என் தோள்ல துண்டு.

மொதல்ல எனக்குத்தான் ஆப்பைக் காட்டினான். தெறந்ததும் ஒரே கத்தரிப்பூ நெறம். பட்டன் கத்தரிப்பூ, தலைப்பு கத்தரிப்பூ, ஓரமெல்லாம் கத்தரிப்பூ. “ஆட்டுக்கும் இந்த நெறத்துக்கும் என்னடா சம்பந்தம்?”னு கேட்டேன். “அது தானா அப்படித்தான் போடும்”னான். ஏன் தானா போடுதுன்னு பெறகு வெளங்குச்சு. டெயில்விண்ட்னு ஒரு வடிவமைப்புச் சாமான் இருக்காம். அதுல மாதிரிக்குப் போட்ட பட்டனுக்கெல்லாம் இந்த ஊதா கலந்த நீலத்தைப் பூசி வச்சிருந்திருக்காங்க. உலகம் முழுக்க அதைப் பாத்து எழுத, அந்த எழுத்தையெல்லாம் தின்னு வளந்த ஏஐயும் அந்த நெறத்தையே கக்குது. அதை உண்டாக்கின ஆடம் வாதன் 2025-ல, இந்த நெறத்துக்காக விளையாட்டா மன்னிப்பே கேட்டுட்டாரு. ஒரே பெயின்ட் டப்பாவை வாங்கி ஊரு பூரா அடிச்சா யாரு வீட்டுக்குள்ள யாரு நுழையிறதுன்னு தெரியாமப் போயிரும்.

உள்ள ஒரு ஆட்டுப் படம். மயிரு பொசுபொசுன்னு, தாடி வச்சு, பனிமலையில நிக்குது. நம்ம சந்தைக்கு வர்றது கன்னி ஆடு, கொடி ஆடு, வேம்பூர்ச் செம்மறி. கன்னி ஆடு கருப்பு, மொகத்துல ரெண்டு வெள்ளைக் கோடு ஓடும். கொடி ஆடு நெடுநெடுன்னு கொடி மாதிரி நிக்கும். வேம்பூரான் ஒடம்பெல்லாம் பொட்டு. இவன் ஆப்புல எல்லாத்துக்கும் ஒரே பேரு: ஆடு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம் இல்ல. “வயசு”ன்னு ஒரு கட்டம், அதுல வருசம் போடணுமாம். ஏலேய், சந்தையில ஆட்டுக்கு யாருடா பொறந்த சர்டிபிகேட் கொண்டாந்தான்? பல் போடலையா, ரெண்டு பல்லா, நாலு பல்லா, அம்புட்டுத்தான் கணக்கு. “எடை”ன்னு இன்னொரு கட்டம். வாங்குறவன் முதுகுத்தண்டைத் தடவி, தொடையைப் பிடிச்சுப் பாத்து கறி எத்தனை கிலோ தேறும்னு சொல்லுவான். தராசுல ஏத்துனா விக்கிறவனுக்குத்தான் கொண்டாட்டம். முந்தின ராத்திரியே உப்பும் தவிடும் குடுத்து, காலையில வயிறு முட்டத் தண்ணி காட்டிக் கூட்டிட்டு வந்துருவான்லா.

இதெல்லாம் சின்ன நோக்காடு. பெரிய நோக்காடு விலைக் கட்டம்.

நம்ம சந்தையில பழைய ஆளுக விலையை வாயால பேச மாட்டாங்க. துண்டை ரெண்டு கை மேல போட்டு, உள்ளுக்குள்ள விரலைப் பிடிப்பாங்க. இத்தனை விரலு இத்தனை ரூவா. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பேரன் அதைப் பாத்துட்டு, “இதுதான் தாத்தா பிரச்சினையே, வெளிப்படைத்தன்மை இல்ல”ன்னான். நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் தள்ளி நின்ன ஒரு ஆளைக் காட்டினேன். நாலு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், அதுக்காக விக்கான். அவனுக்கு வட்டிக்குக் குடுத்தவன் அங்ஙனக்குள்ளதான் டீக்கடையில உக்காந்திருக்கான். ஆடு என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா, பணம் மடிக்குள்ள போறதுக்கு முந்தி கையை நீட்டிருவான். அந்த மனுசன் துண்டுக்குள்ள ஒளிக்கிறது விலையை இல்ல, தன் அவசரத்தை. பேரன் ஆப்புல போட்டா அது நாலு போட்டோவோட, விலையோட, போன் நம்பரோட கத்தரிப்பூ நெறத்துல மின்னும்.

“இது எனக்கு எப்படித் தெரியும் தாத்தா?”ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். மிசினுக்கும் தெரியாது. ஆனா ஒரு தரகனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தா, “விலையைப் போர்டுல எழுதினா ஒருத்தன் வர மாட்டான், போடா”ன்னு மொத வார்த்தையிலயே சண்டை போட்டிருப்பான். மிசினு “மிகச் சிறந்த முடிவு”ன்னு சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியாக் கட்டிக் குடுத்திருச்சு.

இந்த எடத்துல எங்க வீடு கட்டின கதையைச் சொல்லியே ஆகணும். கரிசமண்ணுல வீடு கட்டுறது பாம்பு முதுகுல பந்தல் போடுற மாதிரி. மழை பெஞ்சா மண்ணு உப்பும், வெயிலடிச்சா சுருங்கி, கை நுழையிற அளவு வெடிக்கும். எனக்குக் கையில காசு கம்மி. “வானம் மூணடி தோண்டினாப் போதும்”னு மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அவன் வெத்தலையைத் துப்பிட்டு, “மூணடின்னா வேற ஆளைப் பாருங்க”ன்னு கரண்டியைச் சாக்குல போட்டுட்டான். கெடுமண்ணைத் தாண்டிக் கீழ இறுக்கம் வர்ற வரைக்கும் தோண்டாம ஒரு கல்லு வைக்க மாட்டேன்னுட்டான். அவனை நான் திட்டாத திட்டு இல்ல. பதினஞ்சு நாள் வேலை நின்னுச்சு. கடைசியில வீட்டுக்காரி கம்மலை அடகு வச்சுத் தோண்டினோம். அதே வருசம் எதுத்த வீட்டுக்காரன் “சரிங்க மொதலாளி, சரிங்க மொதலாளி”ன்னு சொல்ற கொத்தனாரை வச்சு, எனக்கு முந்தியே பால் காய்ச்சிட்டான். எனக்கு ஒரே வயித்தெரிச்சல். மூணாவது கோடையில அவன் வீட்டுச் செவத்துல ஓணான் நுழையிற அளவு கீறல் விழுந்துச்சு. எங்க வீடு இன்னும் நிக்கி. மேஸ்திரிக்கு நான் குடுத்த கூலி செவரு கட்டினதுக்கு இல்லன்னு இப்பத் தோணுது. அந்தக் கரண்டியைச் சாக்குல போட்டான் பாருங்க, அதுக்கு.

சந்தையில இருந்து வந்து சாயங்காலம் திண்ணையில உக்காந்திருக்கோம். மேலத்தெருப் பொண்ணு ஒண்ணு வந்தா. எனக்குப் பேத்தி முறை. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவன் கட்டினதுல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளமாம். எங்க வீட்டுக் கெழவிக்கு அந்த வேலை கிடைச்சிருந்தா இந்நேரம் பங்களா கட்டியிருப்பா.

பேரன் பெருமையா ஆப்பைக் குடுத்தான். இவ வாங்கிப் பாத்தா. மேல இருந்த இணைய முகவரியோட கடைசியில 7-னு ஒரு எண் இருந்துச்சு. அதை அழிச்சு 8-னு போட்டா. அடுத்த ஆளோட பேரு, ஊரு, போன் நம்பரு, எத்தனை ஆடு இருக்கு, எல்லாம் வந்து நிக்குது. 9-னு போட்டா, அதுக்கடுத்த ஆளு. சாவி இல்ல, பூட்டு இல்ல, “யாரு நீ?”ன்னு கேக்க ஒரு நாய்கூட இல்ல.

“ஏலேய்”னேன். “ராத்திரி பைக்குல வந்து ஆடு தூக்குறவன் இதுவரைக்கும் ஊரு ஊரா மோப்பம் பிடிச்சு அலைஞ்சான். நீ அவனுக்கு அட்ரசோட பட்டியலே எழுதிக் குடுத்திருக்கியே. இதுக்கு என்ன தரகு வாங்கின?”

பேரன் மொகம் சுண்டிப் போச்சு. அந்தப் பொண்ணு நல்லவ, “இது உங்க பேரன் ஒருத்தரோட தப்பு இல்ல தாத்தா”ன்னா. ஸ்வீடன்ல லவபிள்னு ஒரு கம்பெனி இருக்காம். வாயால சொன்னா ஆப் கட்டிக் குடுக்கிற சாமான். 2025-ல அதை வச்சுக் கட்டின 1,645 ஆப்பைத் தட்டிப் பாத்ததுல, 170 ஆப்புல கதவு தெறந்து கெடந்துச்சாம். டேட்டாபேஸ்ல எந்த வரிசையை யாரு பாக்கலாம்னு காவல் போடணும். காவல் போடச் சொல்லி யாரும் கேக்கல, கேக்காததால அதுவும் போடல. வீட்டுக்குக் கதவு வேணும்னு சொன்னா கதவு வைக்கும். தாழ்ப்பாள் வேணும்னு தனியாச் சொல்லணும்.

பெறகு பேரனும் அவளுமா ஒரே நேரத்துல ஒரே கிடாயை வாங்குற பட்டனை அமுக்கினாங்க. ரெண்டு பேருக்கும் “வாழ்த்துகள்! ஆடு உங்களுடையது”ன்னு வந்துச்சு. எனக்குப் பழைய நினைப்பு வந்திருச்சு. நானும் ஒருக்க ஒரு கிடாயை ரெண்டு பேருக்குப் பேசி ரெண்டு பக்கமும் அச்சாரம் வாங்கிட்டேன். மறந்துதான் வாங்கினேன்னு வச்சுக்கங்களேன். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னப்ப இடது காதுல விழுந்த அறை, மழைக்காலத்துல இன்னும் ‘ஙொய்’ங்குது. மிசினுக்குக் காது இல்ல. அறை பேரனுக்குத்தான் விழும்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா. இந்த ஏஐ சில நேரம், புரோகிராமுக்குள்ள எடுத்துச் சேக்குற பேக்கேஜ்னு உலகத்துலயே இல்லாத ஒரு பேரைச் சொல்லி “அதை வாங்கிப் போடு”ங்குமாம். 16 ஏஐயை 5,76,000 புரோகிராம் துண்டு எழுத வச்சுப் பாத்திருக்காங்க. இல்லாத பேரு மட்டும் 2,05,474 வந்திருக்கு. திருட்டுப்பய எவனாச்சும் அந்தப் பேருல விஷத்தைப் பொட்டலம் கட்டி வச்சா, மிசினு பேச்சைக் கேட்டு வாங்குறவன் வீட்டுக்குள்ள அது வந்திரும். இல்லாத ஆட்டுக்கு விலை பேசுறதை நாங்க தரகுன்னு சொல்ல மாட்டோம். அதுக்கு வேற பேரு, பொம்பளைப் பிள்ளை இருக்கிற எடத்துல சொல்ல முடியாது.

இந்த வெரசு வேலைக்கு வைப் கோடிங்னு பேராம். 2025 பிப்ரவரியில பேரு வச்சவர் ஆந்த்ரே கார்பதி. ஓப்பன்ஏஐயைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், டெஸ்லாவுல ஏஐ பிரிவை நடத்தினவர். சும்மா ஆளு இல்ல. அந்த வருசத்தோட சொல்லுன்னு காலின்ஸ் அகராதிக்காரங்க அதையே தேர்ந்தெடுத்தாங்க. ஆனா அவர் எழுதினப்பவே, வாரக்கடைசியில செஞ்சு பாத்துட்டுத் தூக்கிப் போடுற வேலைக்கு இது பரவாயில்லைங்கிற மாதிரிதான் சொல்லியிருந்தாரு. ஊரு ‘வெரசா’ங்கிற பாதியைத் தூக்கிக்கிட்டு ஓடிருச்சு. ‘தூக்கிப் போடுற’ங்கிற பாதி இன்னும் அங்ஙனயே கெடக்கு, எடுக்க ஆளில்லாம.

தூக்கிப் போடாம நம்பினா என்ன ஆகும்? ஜேசன் லெம்கின்னு அமெரிக்காவுல ஒரு முதலீட்டாளர். 2025 ஜூலையில ரெப்ளிட்ங்கிற சாமானை வச்சு ஆப் கட்டிப் பாத்தாரு. நல்லாத்தான் போயிருக்கு. “இப்போதைக்கு எதையும் மாத்தாதே, தொடாதே”ன்னு கண்டிச்சுச் சொல்லி வச்சிருந்தாரு. அப்படியும் அந்த ஏஐ, ஒருநாள் டேட்டாபேஸைத் தொடச்சு வச்சிருச்சு. 1,206 நிர்வாகிகள், 1,196 கம்பெனிகளோட விவரம் போச்சு. ஏன்டா செஞ்சன்னு கேட்டா, பதறிப் போயிட்டேன்னு சொல்லியிருக்கு. திருப்பி எடுக்க முடியாதுன்னும் சொல்லியிருக்கு. அவரு மனசு கேக்காம தானே முயற்சி பண்ணிப் பாத்தா, திரும்பி வந்திருச்சு! ஆட்டைத் தொலைச்சுட்டு “நரி தூக்கிருச்சு”ன்னு அழுத மேய்ப்பன் கதைதான். ஆடு பின்னால கருவேலத்துக்குள்ள மேஞ்சுக்கிட்டு நிக்கி. ரெப்ளிட் தலைவரே வெளிப்படையா மன்னிப்புக் கேட்டாரு. பழகிப் பாக்குற டேட்டாபேஸ் வேற, பொழப்பு நடக்குற டேட்டாபேஸ் வேறன்னு பிரிச்சு வைக்க ஏற்பாடும் பண்ணினாங்க. பழகாத காளையைக் கல்யாண வண்டியில பூட்டாதேன்னு எங்க அப்பன் சொல்லுவாரு. அவருக்கு டேட்டாபேஸ் கெடையாது, காளை இருந்துச்சு.

இதெல்லாம் கேட்டப்பறமும் பேரன் விடல. “தப்பு இருக்கட்டும் தாத்தா, வேகத்தை ஒத்துக்கங்க”ன்னான். அதுக்கும் அந்தப் பொண்ணு ஒரு கணக்கு வச்சிருந்தா. மெட்ர்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு, கைதேர்ந்த 16 புரோகிராமர்களை, அவுகவுக வருசக்கணக்காப் பழகின வேலையில இருந்தே 246 வேலையைச் செய்யவிட்டுப் பாத்துச்சு. சிலதுக்கு ஏஐ உண்டு, சிலதுக்கு இல்ல. தொடங்குறதுக்கு முந்தி, ஏஐ இருந்தா நேரம் 24 சதவீதம் கொறையும்னு நெனச்சாங்க. முடிச்ச பெறகு கேட்டா, 20 சதவீதம் கொறஞ்சிருக்கும்னு சொன்னாங்க. கடிகாரத்தைப் பாத்தா, 19 சதவீதம் கூடுதலா ஆகியிருக்கு!

எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிந்தினது பெருசில்ல. பிந்தினவனே “முந்திட்டேன்”னு சத்தியம் பண்றான் பாருங்க! பேசிக்கிட்டே நடந்தா தூரம் தெரியாதுல்லா, அந்த மாதிரி. நியாயத்தையும் சொல்லிருதேன்: அவுக தங்கள் சொந்தக் கொல்லையில வேலை பாத்தவுக. எந்தச் செடி எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே தெரியும். அதுவும் 2025 தொடக்கத்துல இருந்த சாமானை வச்சுப் பாத்த கணக்கு. தெரியாத காட்டுல போறவனுக்கு வழிகாட்டி உதவத்தான் செய்வான். எம் பேரனுக்கு ஒரு ராத்திரியில ஒரு மாதிரியைக் கண்ணுல காட்டிருச்சே, அதை மறைக்க மாட்டேன். அந்த மாதிரி இல்லாட்டா துண்டுக் கதையை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். தப்பா ஒண்ணு கண்ணு முன்னால நின்னாத்தான் கெழவனுக்கு வாய் தெறக்குது.

அவன் எனக்குன்னு இன்னொண்ணு செஞ்சு குடுத்தான். யாரு யாரு எனக்குத் தரகு பாக்கின்னு ஒரு கணக்கு. பேரைத் தொட்டா எந்தச் சந்தையில, எந்த ஆட்டுக்கு, எம்புட்டுன்னு வரும். அதுக்கு அரைமணி நேரம்தான் ஆச்சு. சோக்கா இருக்கு. அதை வச்சு ரெண்டு பேர்கிட்டப் பழைய பாக்கியை வசூல் பண்ணிட்டேன். மூணாவது ஆளு என்னைக் கண்டாலே பஸ்ஸு மாறி ஏறுறான். அதுல வேற யாரு கணக்கும் இல்ல. கெட்டா எனக்குத்தான் கெடும். நெறம் மட்டும் கத்தரிப்பூதான். கண்ணு பழகிருச்சு.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போறதுக்கு முந்தி பேரன் ஒரு காரியம் செஞ்சான். நான் சொல்லித்தான். “அந்த ஆமாஞ்சாமியை ஒரு நாளைக்கு எதிர்க்கட்சியா இருக்கச் சொல்லு. இந்த ஆப்பு ஏன் வெளங்காதுன்னு பத்துக் காரணம் கேளு”ன்னேன். கேட்டான். அட, சொன்னுச்சு! ஒரு ஆட்டை ரெண்டு பேரு வாங்கிருவாங்கன்னு சொன்னுச்சு. போன் நம்பரு வெளிய தெரியுதுன்னு சொன்னுச்சு. போட்டோ ஒண்ணு, அனுப்புற ஆடு வேறன்னு ஏமாத்து நடக்கும்னு சொன்னுச்சு. இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வெள்ளிக்கிழமை வாயைத் தெறக்காம இருந்திருக்கு, கள்ளன்! கேட்டாத்தான் மறுப்புச் சொல்லுமாம். எங்க மேஸ்திரி கேக்காமலே கரண்டியைச் சாக்குல போட்டான்.

பத்துக் காரணத்தையும் பேரன் வாசிச்சு முடிச்சான். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். துண்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. டீக்கடையில உக்காந்திருந்த வட்டிக்காரனைப் பத்தியும் இல்ல.

இப்ப அவன் ஆப்பை எடுத்துட்டான். அந்தப் பொண்ணு பூட்டுப் போடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. விலைக் கட்டத்தை என்ன பண்றதுன்னு ரெண்டு பேரும் ரெண்டு நாளாச் சண்டை. நான் நடுவுல போகல, தரகு குடுக்க மாட்டாங்க.

உங்களுக்கும் இப்படி எதையாச்சும் வெரசா கட்டணும்னு கை ஊறுதா, பேரப்பிள்ளைகளா? வர்ற சனிக்கிழமை விடியக்காலம் மொத பஸ்ஸுல எட்டயபுரத்துக்கு ஏறிருங்க. லேப்டாப்பை வீட்டுல வச்சிட்டு வாங்க. தோள்ல ஒரு துண்டு மட்டும் இருக்கட்டும். டீ வாங்கித் தர்றது என் பொறுப்பு.